வலது பக்க ஸீட் உங்களுக்கா?

பேங்க் எக்ஸாம், சாஃப்ட்வேர் இன்டர்வியூன்னு வழக்கமா வர்ற கேள்விகளுக்கு நடுவுல இந்த வாரம் வித்தியாசமா ஒண்ணு. கேட்டிருப்பவர் பீர்க்கன்கரணை வாசகர். சி.பி.எல். எனப்படும் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்கி ஒன்றரை வருஷம் ஆச்சாம். இப்பதான் ஒரு சின்ன ஏர்லைன்ஸ்லேர்ந்து அழைப்பு வந்திருக்கு. கையில் இருபது நாள். அப்பா வீட்டை அடமானம் வெச்சுப் படிக்க வெச்சிருக்கார். எதைப் படிக்கறது, எதை விடறதுன்னு புரியலையாம்.

பீர்க்கன்கரணைக்காரருக்கு விமான ஆசை வந்ததில் ஆச்சரியமே இல்லை. பக்கத்திலேயே தாம்பரம் விமானப்படைத் தளம். பைலட்டுகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வாத்தியார்களை உருவாக்கும் பள்ளி 1954-லிருந்து அங்கேதான் இருக்கு. பெருங்களத்தூரில் பீச் போற மின்சார ரயில் பிடிச்சா அஞ்சாவது ஸ்டேஷன் திரிசூலம். இறங்கினா எதிரே ஏர்போர்ட்! ஆனா அந்த அஞ்சு ஸ்டேஷனை பைலட்டா கடக்கறதுக்குத்தான் பல லட்சம் ரூபாயும் பல வருஷப் பொறுமையும் தேவைப்படுது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பைலட் ஆகும் எண்ணமே இல்லாதவங்களும் தொடர்ந்து படிங்க. எந்த இன்டர்வியூவுக்கும் உதவுற ஒரு சமாச்சாரம் நடுவுல இருக்கு.

முதல்ல, எங்கே போறீங்க?

'சின்ன ஏர்லைன்ஸ்தானே'ன்னு நினைச்சுக்கிட்டு உள்ளே போகாதீங்க. அந்த நினைப்பு முகத்துல தெரிஞ்சிடும். ரீஜனல் ஏர்லைன்ஸ்னா பெரிய ஊரையும் சின்ன ஊரையும் இணைக்கிற கம்பெனி. அதுக்குன்னு தனி வரலாறு இருக்கு. 2003-ல் கேப்டன் கோபிநாத்தோட ஏர் டெக்கான், ஏ.டி.ஆர். விமானத்தோடதான் கிளம்பியது. 'சூரரைப் போற்று' பார்த்தவங்களுக்கு நான் சொல்லணுமா என்ன? மத்திய அரசோட 'உடான்' திட்டத்தில் முதல் விமானம் பறந்தது 2017 ஏப்ரலில். அந்தத் திட்டத்தில்தான் 2018-ல் சென்னை - சேலம் ரூட்டில் ட்ரூஜெட் வந்தது.

இன்னொண்ணு, நம்ம மனசுக்கு நெருக்கமானது. 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் விமான நிலையம் திறந்த அன்னிக்குச் சென்னையிலிருந்து போய் இறங்கியது அலையன்ஸ் ஏரோட ஏ.டி.ஆர். விமானம். கோவிட்டில் நின்னுபோன அந்த சர்வீஸ் 2022 டிசம்பரில் மறுபடி ஆரம்பிச்சது. ஏன் பெரிய ஜெட் போகலை? ரன்வே சின்னது. ரீஜனல் ஏர்லைன்ஸ் எதுக்குன்னு கேட்டா இந்த ஒரு உதாரணமே போதும்.

யார் யார் என்னென்ன ஓட்டுறாங்கன்னும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. அலையன்ஸ் ஏரிடம் ஏ.டி.ஆர். தவிர, எச்.ஏ.எல். தயாரிச்ச டோர்னியர் 228-ம் உண்டு. ஏர் இந்தியா 2022-ல் டாடாவிடம் போனப்போ இந்தக் கம்பெனி அரசாங்கத்திடமே தங்கிடுச்சு. ஸ்டார் ஏர்னா எம்ப்ரேயர் ஜெட். 2024-ல் கோவாவிலிருந்து கிளம்பிய ஃப்ளை 91, ஏ.டி.ஆர். பெரிய கம்பெனியான இண்டிகோவும் 2017 டிசம்பரிலிருந்து ஏ.டி.ஆர். ஓட்டுது. எந்தக் கம்பெனி கூப்பிட்டதோ, அதோட ரூட் மேப்பை மனசுல வரைஞ்சு பார்க்கிற அளவுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அந்த விமானத்தைக் காதலிங்க!

பயிற்சியில் நீங்க ஓட்டியது குட்டி செஸ்னாவா இருக்கும். அதனால 'ஏ.டி.ஆர். சிஸ்டம் எல்லாம் ஒப்பி'ன்னு யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க. ஆனா ஆர்வம் இருக்கான்னு பார்ப்பாங்க. ஏ.டி.ஆர். 72-600-ஐயே எடுத்துக்கலாம். ஏர்பஸ்ஸும் லியனார்டோவும் சேர்ந்து நடத்துற கம்பெனி, பிரான்ஸின் துலூஸ் நகரத்தில் தயாரிக்குது. இறக்கை உடம்புக்கு மேல. ரெண்டு டர்போப்ராப் எஞ்சின், ஒவ்வொண்ணுக்கும் ஆறு பிளேடு. அதிகபட்ச எடை சுமார் 23 டன். பறக்கிற உயரத்துக்கு உச்சவரம்பு 25,000 அடி. ஜெட் மாதிரி 35,000 அடிக்கு ஏறி மேகத்தைத் தாண்டிப் போக முடியாது, மேகத்தோடயேதான் குடித்தனம்!

இங்கேதான் அழகான கேள்விகள் வரும். ஜெட் விமானங்கள் தரையில் நிக்கும்போது ஏ.சி.யும் கரன்ட்டும் கொடுக்க வால் பகுதியில் ஏ.பி.யூ.ன்னு ஒரு குட்டி எஞ்சின் இருக்கும். ஏ.டி.ஆரில் அது கிடையாது. அப்போ எப்படிச் சமாளிக்குது? வலது எஞ்சினை ஓட விட்டு, அதோட ப்ரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திடுவாங்க. இதுக்குப் பேர் 'ஹோட்டல் மோட்'. பயணிகள் இடது பக்கம் பின்கதவு வழியா ஏறுறதால அந்தப் பக்கம் தொந்தரவு இல்லை. எடை மிச்சம், செலவு மிச்சம். இந்த மாதிரி 'ஏன்' புரிஞ்சு சொன்னீங்கன்னா, எதிரே உட்கார்ந்திருக்கும் கேப்டன் நிமிர்ந்து உட்காருவார்.

அதே மாதிரி இன்னொண்ணு. ஏ.டி.ஆரில் ஆட்டோ த்ராட்டில் இல்லை. வேகத்தை உங்க கையும் கண்ணும்தான் காக்கணும்.

மொட்டை மாடியே கிளாஸ் ரூம்!

டெக்னிகல் ரவுண்டில் பெரும்பாலும் அடிப்படைதான் கேட்பாங்க. அதுலதான் பலர் சறுக்கறாங்க. ஏர் ரெகுலேஷன், நேவிகேஷன், மெட்டியராலஜி, டெக்னிகல். நாலையும் லைசென்ஸுக்காக 70 மார்க் எடுத்துப் பாஸ் பண்ணிட்டு மறந்திருப்பீங்க. மறுபடி புத்தகத்தைத் திறங்க. ஆனா ஊரோட சேர்த்துப் படிங்க.

சென்னையோட மெயின் ரன்வே 07/25. அப்படின்னா காந்த வடக்கிலிருந்து ஏறத்தாழ 70 டிகிரி, 250 டிகிரி. விமானம் காத்துக்கு எதிராத்தான் இறங்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காத்து வடகிழக்கிலிருந்து வரும். அதனால அனகாபுத்தூர் பக்கமிருந்து 07-ல் இறங்குவாங்க. காத்து மேற்கே திரும்பினா கடல் பக்கமிருந்து 25. சுற்றுவட்டாரத்துல இருக்கிறவங்களுக்கு வானத்தைப் பார்த்தே காத்து திசை சொல்லிடலாம்!

இப்போ ஒரு கணக்கு. ரன்வே 07. காத்து 100 டிகிரியிலிருந்து 20 நாட். குறுக்குக் காத்து எவ்வளவு? வித்தியாசம் 30 டிகிரி. 30 டிகிரிக்குப் பாதி. ஆக 10 நாட். இன்னொண்ணு: 15,000 அடியிலிருந்து 3,000 அடிக்கு இறங்கணும். எவ்வளவு தூரம் முன்னாடி ஆரம்பிக்கணும்? இறங்க வேண்டியது 12 ஆயிரம் அடி, மூணால் பெருக்கினா 36 நாட்டிக்கல் மைல். தரைவேகம் 240 நாட்டுன்னா அஞ்சால் பெருக்குங்க, நிமிஷத்துக்கு 1,200 அடி இறங்கணும். இதையெல்லாம் பேப்பர், பேனா இல்லாம சொல்லணும். பஸ்ஸுக்கு நிக்கும்போது பழகுங்க. ஜி.எஸ்.டி. ரோட்டில் அதுக்கு நேரம் நிறையவே கிடைக்கும்!

'சென்னையில் இறங்க முடியலைன்னா என்ன செய்வே?'ன்னு கேட்டா 2015 டிசம்பரை நினைச்சுக்கோங்க. முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் முழுகடிச்ச அதே அடையாறுதான் ஏர்போர்ட்டோட ரெண்டாவது ரன்வேக்குக் கீழேயும் ஓடுது. ஏர்போர்ட்டையே சில நாள் மூடினாங்க. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானம் விட்டாங்க. மாற்று நிலையம், அதுவரை போக எரிபொருள், அங்கேயும் மழையா என்பது… இதெல்லாம் புத்தகத்து வரி இல்லை, நம்ம தெருவில் நடந்த கதை.

விபத்துகளைப் படிங்க, மனசு கனத்தாலும்

ஏ.டி.ஆர். ஓட்டுற கம்பெனிக்குப் போறீங்கன்னா ரெண்டு விபத்துகளைக் கட்டாயம் தெரிஞ்சிருக்கணும்.

2015 பிப்ரவரி 4, தைவான். டிரான்ஸ் ஏஷியா ஏ.டி.ஆர். 72 கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வலது எஞ்சின் சக்தியை இழந்தது. ஒரு எஞ்சினில் பறக்கக்கூடிய விமானம்தான். ஆனா பதற்றத்தில் நல்லா ஓடிக்கிட்டிருந்த இடது எஞ்சினை அணைச்சுட்டாங்க. 58 பேரில் 43 பேர் இறந்தாங்க.

2023 ஜனவரி 15, நேபாளம். எட்டி ஏர்லைன்ஸ் ஏ.டி.ஆர். 72 பொக்காராவில் இறங்கும் நேரம். ஃப்ளாப் லீவரை நகர்த்துறதுக்குப் பதிலா, பக்கத்திலிருந்த கண்டிஷன் லீவர்களை நகர்த்திட்டாங்க. ரெண்டு ப்ரொப்பெல்லரும் இழுவிசை இல்லாமல் போச்சு. 72 பேரில் ஒருத்தரும் பிழைக்கலை. அந்த லீவரை நகர்த்தியவர் புதுசா வந்தவர் இல்லை. பயிற்சி கொடுக்கிற அனுபவசாலி கேப்டன்.

'எஞ்சின் நின்னா என்ன செய்வே?'ங்கிற கேள்விக்கு வேகமா பதில் சொல்றவங்களைவிட, 'முதல்ல விமானத்தை நேரா பறக்க விடுவேன். எந்த எஞ்சின்னு ரெண்டு பேரும் சேர்ந்து உறுதி செய்வோம். அப்புறம்தான் லீவரைத் தொடுவேன்'னு நிதானமா சொல்றவங்களைத்தான் தேடுறாங்க. கை வேகமா இருக்கிற பைலட்டைவிட, கையைக் கட்டிப்போடத் தெரிஞ்ச பைலட் நல்லவர்.

சிம்யுலேட்டர் சோதனையிலும் இதேதான். கொஞ்சம் தடுமாறினா தப்பில்லை. 'ஹைட் விட்டுட்டேன், சரி பண்றேன்'னு வாய்விட்டுச் சொல்லி சரி பண்ணுங்க. ஒரே தப்பை ரெண்டாம் தடவையும் செஞ்சாத்தான் பேனா எடுத்துக் குறிப்பாங்க.

'சார்'னு சொல்லிக்கிட்டே தடுக்க முடியுமா?

எந்த இன்டர்வியூவுக்கும் உதவும்னு சொன்னேனே, அது இதுதான்.

2010 மே 22. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ரன்வேயைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தாங்க. விசாரணை அறிக்கை என்ன சொல்லுச்சு தெரியுமா? இறங்கும் கோணம் சரியில்லை, மேலே போயிடலாம்னு துணை விமானி மூணு தடவை சொல்லியிருக்கார். கேப்டன் கேட்காமல் தொடர்ந்து இறக்கியிருக்கார்.

ஹெச்.ஆர். ரவுண்டில் இது ஒரு கேள்வியா வரும்: 'உங்க கேப்டன் தப்பு பண்றார். என்ன செய்வீங்க?'

யோசிச்சுப் பாருங்க. நம்ம வளர்ப்பு எப்படி? பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே. வாத்தியாரை எதிர்த்துக் கேட்காதே. அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும். இதெல்லாம் நல்ல குணம்தான். ஆனா காக்பிட்டில் மரியாதைக்கும் மௌனத்துக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கு. உங்களைவிட இருபது வயசு பெரியவர், பத்தாயிரம் மணி நேரம் பறந்தவர், பக்கத்து ஸீட்டில் இருப்பார். அவர் தப்பு பண்ணும்போது உங்க தொண்டை அடைக்கும். அந்த நொடியில் பேச வருமான்னுதான் கேட்கிறாங்க.

'கேப்டன் சொல்றதைத்தான் கேட்பேன்'னு சொன்னா அவுட். 'கன்ட்ரோலைப் பிடுங்கிடுவேன்'னு வீரவசனம் பேசினாலும் அவுட். படிப்படியா சொல்லுங்க. முதல் படி, கண்ணில் பட்டதைச் சொல்றது: 'சார், ஸ்பீட் பத்து நாட் அதிகம்.' அடுத்தது, என்ன செய்யலாம்னு சொல்றது: 'சார், கோ அரவுண்ட் போயிடலாம்.' அதுக்கும் பதில் இல்லைன்னா அழுத்தமா, நேரா: 'கேப்டன், கோ அரவுண்ட்!' அதுக்கப்புறமும் அசைவில்லை, உயிருக்கு ஆபத்துன்னா, கம்பெனி விதிமுறைப்படி கன்ட்ரோலை எடுத்துக்குறது. 'சார்' விடாமலேயே தடுக்கலாம், தப்பில்லை. சொல்லாம இருக்கிறதுதான் தப்பு.

இதை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்காதீங்க. உங்க வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவம் தேடுங்க. ப்ராஜெக்ட் லீடர் தப்பான ரீடிங்கை எழுதினப்போ நீங்க சொன்னீங்களா? பயிற்சியில் வானிலை சரியில்லாதப்போ 'இன்னிக்கு வேண்டாம்'னு சொன்னீங்களா? சின்னதா இருந்தாலும் நிஜமா இருக்கட்டும். பைலட் வேலையோ, பேங்க் வேலையோ, ஆஸ்பத்திரி வேலையோ, எங்கேயும் இந்தக் கேள்வி வேற வேஷத்துல வரும்.

லாக் புக் பொய் சொல்லாது

உங்க ஜாதகமே லாக் புக்தான். 200 மணி நேரம், அதில் 100 மணி நேரம் தனிப் பொறுப்பில், 300 நாட்டிக்கல் மைல் நீளப் பயணம், ராத்திரிப் பறத்தல்… ஒவ்வொரு வரியும் கேள்வியாகலாம். 'இந்த நீளப் பயணத்தில் எந்த எந்த ஊர்ல இறங்கினே? அன்னிக்கு வானிலை என்ன?'ன்னு கேட்பாங்க. நிஜமா பறந்தவங்களுக்கு அது இனிப்பான ஞாபகம். கூட்டி எழுதினவங்களுக்குக் கண்டம்!

2011-ல் ஒரு கேப்டன் விமானத்தை முன்சக்கரத்தில் இறக்கியதா விசாரணை வந்து, கடைசியில் லைசென்ஸுக்குக் கொடுத்த மார்க் ஷீட்டே போலின்னு தெரிஞ்சு கைதானார். அதுக்கப்புறம் டி.ஜி.சி.ஏ. நாடு முழுக்க லைசென்ஸ்களைத் தோண்ட ஆரம்பிச்சதில் இன்னும் சிலர் மாட்டினாங்க. பின்னாடி ரெண்டு பஸ் நிறைய ஜனங்க உட்கார்ந்திருக்காங்க. அதில் பொய்க்கு இடமில்லை.

கூடவே தேதிகளையும் பாருங்க. மெடிக்கல் காலாவதியாகலையே? இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் உயிரோட இருக்கா? ஒன்றரை வருஷம் காத்திருந்தவங்க இதைத்தான் கவனிக்கத் தவறுவாங்க. அந்த இடைவெளியில் என்ன பண்ணீங்கன்னு கட்டாயம் கேட்பாங்க. ட்யூஷன் எடுத்தேன், கடையில் அப்பாவுக்கு உதவினேன்னு சொல்லுங்க, கேவலமே இல்லை. ஆனா 'வாரா வாரம் இவ்வளவு நேரம் படிச்சேன்'னும் சேர்த்துச் சொல்ற மாதிரி இருக்கணும்.

நீங்களும் கேளுங்க!

'எங்ககிட்ட ஏதாவது கேட்கணுமா?'ன்னு கடைசியில் ஒரு வாய்ப்பு வரும். 'நத்திங் சார்'னு எழுந்திரிக்காதீங்க. வீடு அடமானத்துல இருக்கு. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

ரீஜனல் ஏர்லைன்ஸ் கதைகளில் பாதி சோகக் கதைதான். தமிழ்நாட்டிலிருந்து 2005-ல் எம்ப்ரேயர் ஜெட்டோட அமர்க்களமா வந்த பாரமவுன்ட் 2010-ல் நின்னு போச்சு. கோயம்புத்தூரில் 2016-ல் கிளம்பிய ஏர் கார்னிவல் ஒரு வருஷம்கூடத் தாங்கலை. சேலத்துக்குப் பறந்த ட்ரூஜெட்டும் 2022-ல் முடங்கிடுச்சு. அதனால பணிவா, தெளிவா கேளுங்க: டைப் ரேட்டிங் செலவு யாரோடது? பாண்ட் எத்தனை வருஷம்? கம்பெனியே மூடினா அந்த பாண்ட் என்னாகும்? பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா? எந்த ஊர் பேஸ்? ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், விவரம் தெரிஞ்ச ஒரு வக்கீலிடம் காட்டிட்டுக் கையெழுத்து போடுங்க. 'இன்னிக்கே போடணும்'னு அவசரப்படுத்தினா, அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

வேலை வாங்கித் தர்றேன்னு பணம் கேட்கிற புரோக்கரைப் பார்த்தா அடுத்த ரயில் பிடிச்சு ஓடுங்க!

இருபது நாள் டைம் டேபிள்

முதல் பத்து நாள்: காலையில் ஒரு பாடம், சாயங்காலம் மனக்கணக்கு. தினமும் சென்னையோட வானிலை அறிக்கையை எடுத்து, அதை அப்படியே இங்கிலீஷில் வாய்விட்டு விளக்குங்க. கண்ணாடி முன்னாடி இல்லை, ஒரு ஃப்ரெண்ட் முன்னாடி.

அடுத்த அஞ்சு நாள்: விமானமும் கம்பெனியும். விபத்து விசாரணை அறிக்கைகளில் ஒண்ணையாவது முழுசா படிங்க. பைலட்டுகளோட ஓய்வு நேர விதிகளையும் பார்த்துக்கோங்க. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியா உயர்ந்தது 2025-ல்.

கடைசி அஞ்சு நாள்: மாதிரி இன்டர்வியூ. உங்க பேட்ச்சில் வேலை கிடைச்சவங்க ஒருத்தராவது இருப்பாங்க. கூச்சப்படாம கூப்பிடுங்க. முந்தின ராத்திரி புத்தகத்தை மூடிட்டுத் தூங்குங்க. தூக்கம் இல்லாம பறக்க வர்ற பைலட்டை எந்தக் கம்பெனியும் விரும்பாது.

ப்ளஸ் டூ முடிச்சுட்டு ஆசையோட இருக்கிறவங்களுக்கு

டிகிரி கட்டாயமில்லை, வயசு 18 ஆகியிருக்கணும். ஆனா ஃப்ளையிங் ஸ்கூலுக்கு ஒரு ரூபாய் கட்டுறதுக்கு முன்னாடி மெடிக்கல் பரிசோதனையை முடிச்சுடுங்க. நிறக்குறைபாடு, காது, இதயம் இதில் ஏதாவது பிரச்னைன்னா அப்பவே தெரிஞ்சுடும். மொத்தச் செலவு அரைக் கோடியைத் தாண்டலாம். லைசென்ஸ் வாங்கின அடுத்த மாசமே வேலைன்னு விளம்பரம் சொல்லும். ரெண்டு மூணு வருஷம் காத்திருக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. காத்திருக்கிற காலத்துக்கும் சேர்த்துத்தான் வீட்டில் பட்ஜெட் போடணும். கையில் ஒரு டிகிரி இருந்தா அந்த நாட்கள்ல சோறு போடும்.

இன்டர்வியூவில் செலக்ட் ஆகலைன்னா? எதில் விட்டீங்கன்னு அன்னிக்கு ராத்திரியே நோட்டில் எழுதிடுங்க. ஒவ்வொரு கேள்வியும், நீங்க சொன்ன பதிலும். அடுத்த அழைப்புக்கு அதைவிட நல்ல கைடு கிடைக்காது. செலக்ட் ஆயிட்டீங்கன்னா அந்த நோட்டை அடுத்த ஜூனியருக்குக் கொடுங்க. ஆல் த பெஸ்ட்!

அடுத்த வாரம்: குரூப் டிஸ்கஷனில் வாயே திறக்காத ஆளா நீங்க? உங்களுக்குத்தான் காத்திருக்கேன்!